படிகாரம் தேய்த்த வாய்

– இதுக்குப் பேரு நாற்காலியா டாக்டரம்மா? தலை கீழ தொங்குது, காலு மேல போகுது. பொணத்தைக் கிடத்தின மாதிரி இருக்கு. என் சலூனுக்கு வந்து பாருங்க. அங்க உட்கார்ந்தா பிச்சைக்காரன்கூட ராஜா மாதிரி நிமிர்ந்து உட்காருவான்.

– உங்களுக்கு நிமிர்ந்த முகம் வேணும் அண்ணே, எனக்குத் திறந்த வாய் வேணும். கொஞ்சம் மேல தள்ளிப் படுங்க. தலை இந்த மெத்தையில வரட்டும்.

– படுக்கறேன், படுக்கறேன். ஆடற பல்லு ஒண்ணு, அதைப் பிடுங்கிவிடுங்கன்னு வந்தா, எக்ஸ்ரே எடுத்துட்டு, ஈறுக்கு அடியில ஆழமாச் சுத்தம் பண்ணணும்கறீங்க. முடி வெட்டிக்க வந்தவன்கிட்ட, உன் தலையைக் கழட்டித் துவைச்சுத் தரேன்னு நான் சொன்னா எப்படி இருக்கும்?

– மாமா, டாக்டர் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்.

– நீ ஏண்டா இன்னும் இங்கயே நிக்கிற? பல்லு எனக்கா உனக்கா? பொண்டாட்டியோட தம்பின்னா என் வாய்க்குள்ளயும் எட்டிப் பார்க்கணுமா? வெளிய போய் உட்காரு. கதவைச் சாத்திட்டுப் போ.

– சரி மாமா. டாக்டர், மாமாவுக்கு ஊசின்னா கொஞ்சம்...

– கொஞ்சம் என்னடா கொஞ்சம்? பயமா? தினம் கத்தி பிடிக்கிறவன்டா நான். போடா!

– பாவம் அண்ணே. நல்ல பிள்ளையாத் தெரியறார்.

– நல்ல பிள்ளையா? அட போங்கம்மா. கத்தரிக்கோலை எந்த விரல்ல மாட்டறதுன்னு தெரியாம வந்தவன். அவன் அக்கா கண்ணைக் கசக்கினாளேன்னு ரெண்டாவதா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, நிக்க இடம் குடுத்தேன். இன்னிக்கு என் கடைக்குள்ள நுழையறவன் எல்லாம் அவனுக்காகக் காத்துக் கிடக்கறான். என் நாற்காலியில ஈ உட்காருது. "பரவாயில்லண்ணே, தம்பி முடிச்சுட்டு வரட்டும்"ங்கறானுங்க, பழைய பேப்பரைப் புரட்டிக்கிட்டு.

– வாயைத் திறங்க அண்ணே. இது சின்னக் கம்பிதான், கூர் கிடையாது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பார்க்கப்போறேன். நல்லா இருக்கிற ஈறு, கழுத்தைச் சட்டைக் காலர் பிடிக்கிற மாதிரி பல்லைப் பிடிச்சிருக்கும். உங்களுக்கு அந்தக் காலர் தொளதொளன்னு ஆயிடுச்சு. இங்க இறங்குது பாருங்க. இங்கயும். இந்தக் கடைவாய்ப் பல்லுகிட்டக் கம்பி பாதி காணாமப் போகுது.

– ஆங்... ஆ!

– வலிக்குதா?

– வலிக்கல. நீங்க பிடிச்சுக் குத்தினா எவன் வாயிலயும்தான் பள்ளம் விழும்னு சொல்ல வந்தேன்.

– குத்தல அண்ணே. அதுவா இறங்குது. நல்ல ஈறா இருந்தா நான் விட்டாலும் அது விடாது. பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருமா?

– ஒரு சொட்டு வராது.

– ஒரு சொட்டுகூடவா? இந்த நிலைமையில இருக்கிற ஈறு தொட்டாலே கசியணுமே.

– முன்னாடி வந்துக்கிட்டிருந்துச்சு. நான் நிறுத்திட்டேன். உங்க படிப்புல அந்த வித்தையெல்லாம் சொல்லித்தந்திருக்க மாட்டாங்க.

– எப்படி நிறுத்துனீங்க?

– படிகாரம்.

– என்னது?

– படிகாரம்மா, படிகாரக் கட்டி. ஷேவிங் பண்ணும்போது கன்னத்துல கீறிட்டா நாங்க என்ன செய்வோம்? கட்டியைத் தண்ணியில நனைச்சு ஒரு தேய். ரத்தம் கப்புன்னு நிக்கும். அதே கட்டிதான். காலையில கடை திறந்ததும் ஈறு மேல ஒரு தேய், சாத்தும்போது ஒரு தேய். என்ன அப்படி முழிக்கிறீங்க? கஸ்டமருக்குத் தேய்க்கிற கட்டி இல்ல, எனக்குத் தனிக் கட்டி இருக்கு.

– எத்தனை நாளா அண்ணே?

– நாளா? வருஷக்கணக்கா.

– கடவுளே.

– ஏன், செலவில்லாத வைத்தியம்னா உங்களுக்கு வயித்தெரிச்சலா?

– இல்ல அண்ணே. கன்னத்துல கீறினா காயம் வெளியில இருக்கு. கண்ணுக்குத் தெரியுது, மூடினா ஆறிடும். இங்க கோளாறு உள்ள இருக்கு. பல்லோட வேர்ல காரை பிடிச்சுக் கல்லு மாதிரி ஒட்டியிருக்கு. அதுல கிருமி குடியிருக்கு. ஈறு ரத்தம் விட்டது எதுக்கு? இங்க அழுக்கு சேருது, வந்து பாருங்கன்னு உங்களைக் கூப்பிட்டிருக்கு. நீங்க படிகாரத்தைத் தேய்ச்சு அதோட வாயை அடைச்சுட்டீங்க. மேல இறுகி, பார்க்க நல்லா இருக்கு. உள்ள பல்லைத் தாங்கற எலும்பு கரைஞ்சுக்கிட்டே வந்திருக்கு.

– ஈறு கூப்பிட்டுச்சாம். என்ன சொல்லிக் கூப்பிட்டுச்சு? அண்ணேன்னா?

– உங்களை அது எப்படிக் கூப்பிட்டாலும் நீங்க திட்டியிருப்பீங்க.

– ஹா! நல்லாத்தான் பேசறீங்க. வேலையும் இந்த மாதிரி இருந்தாச் சரி.

– சர்க்கரை இருக்கான்னு பார்த்திருக்கீங்களா? ஈறு இவ்வளவு மோசமானா அதையும் ஒரு தடவை பார்த்துடறது நல்லது. சர்க்கரை ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டாச் சர்க்கரையும் அடங்காது.

– பல்லு பார்க்க வந்தா ரத்தம் குடு, ரத்தம் குடுத்தா மூத்திரம் குடு. உங்க கூட்டமே ஒருத்தருக்கொருத்தர் ஆள் பிடிச்சுவிடற கூட்டம். சரி, ஊசியைப் போடுங்க. என்னம்மா கண்ணை மூடிட்டு நிக்கிறீங்க? தூக்கமா?

– ஒரு நிமிஷம். கும்பிட்டுக்கறேன்.

– ஊசி போடறதுக்கு முன்னாடி சாமி கும்பிடறீங்களா? உங்க கை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?

– கை மேல நம்பிக்கை இருக்கு. படுத்திருக்கிறவருக்கு வலிக்கக் கூடாதுன்னு ஒரு வேண்டுதல், அவ்வளவுதான். இப்பச் சுருக்குன்னு இருக்கும். மூக்கால மூச்சு விடுங்க. அப்படித்தான். முடிஞ்சுது பாருங்க. இன்னிக்கு வலது பக்கம் மட்டும். இடது பக்கம் அடுத்த வாரம். உதடு தடிச்ச மாதிரி தோணும், ஆனா தடிக்காது.

– ஒரே நாள்ல செய்ய மாட்டீங்களா? பாதித் தலையைச் சிரைச்சுட்டு மீதிக்கு அடுத்த வாரம் வான்னு நான் சொன்னா, கடையைக் கொளுத்திட மாட்டானா?

– ரெண்டு பக்கமும் மரத்துப்போனா எதால சாப்பிடுவீங்க? ஒரு பக்கமாவது உங்களுக்கு வேணுமில்ல. எச்சில் உறிஞ்சற குழாயை இப்படி வெச்சுக்கறேன். மிஷின் சத்தம் கொஞ்சம் கூசும். பயப்படாதீங்க, தண்ணிதான் அடிக்கும். ஏதாவது சொல்லணும்னா இடது கையைத் தூக்குங்க.

– ம்ம்.

– பாருங்க, மேல இருக்கிற காரை மஞ்சளா இருக்கு. ஈறுக்கு அடியில இருக்கிறது கறுப்பு. அதுதான் பொல்லாதது. சாதாரணமாச் சுத்தம் பண்றதுன்னா மேல இருக்கிறதை எடுத்து மெருகு போட்டு அனுப்பிடுவோம். உங்களுக்கு அது போதாது. வேர் வரைக்கும் போய்ச் சுரண்டி, வேரை வழவழன்னு ஆக்கணும். அப்பத்தான் ஈறு திரும்ப வந்து ஒட்டும். சொரசொரன்னு விட்டா மறுபடியும் அழுக்கு வந்து உட்காரும்.

– ம்ஹும்!

– என்ன அண்ணே, கையைத் தூக்கிட்டீங்க. சரி, எழுந்து கொப்பளிங்க.

– எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டாப் பல்லு எதைப் பிடிச்சு நிக்கும்? எங்க தெரு டீக்கடைக்காரன் உங்க மாதிரி ஒரு இடத்துல போய்ச் சுத்தம் பண்ணிட்டு வந்தான். இப்பப் பல்லுக்குப் பல்லு சந்து. சிரிச்சா ஜன்னல் கம்பி மாதிரி இருக்கான்.

– அந்தச் சந்து முன்னாடியே இருந்தது. காரை அடைச்சுக்கிட்டு இருந்ததால தெரியல. வீங்கின ஈறு வத்தும்போதும் கொஞ்சம் இடைவெளி தெரியும். உங்களுக்கும் தெரியும், முன்கூட்டியே சொல்லிடறேன். குளிர்ந்த தண்ணி கொஞ்ச நாளைக்குக் கூசும். அதுக்கெல்லாம் என்னைத் திட்டிக்குங்க, ஆனா பிரஷ்ஷை மட்டும் கீழ வெச்சுடாதீங்க.

– பிரஷ்ஷா? அதை விட்டு ரொம்ப நாளாச்சு. பிரஷ் பட்டா ரத்தம் வருதுன்னுதானே படிகாரத்துக்கே போனேன்.

– எல்லாரும் அங்கதான் தப்பு பண்றாங்க. ரத்தம் வர்ற இடத்தைத்தான் நல்லாத் தேய்க்கணும். மெதுவா, ஈறும் பல்லும் சேர்ற ஓரத்துல பிரஷ்ஷைச் சாய்ச்சு வெச்சு, தேய்க்கறதா இல்லாம தடவற மாதிரி. நீங்க மீசையோட ஓரத்தை ஒதுக்க மாட்டீங்க? அந்தக் கை வேணும்.

– மீசை ஒதுக்கறதா? அது கலை. உங்களுக்கு எங்க தெரியப்போகுது. மேல் உதட்டை ரெண்டு விரலால இழுத்துப் பிடிச்சு, குனிஞ்சு, மூச்சை அடக்கி... அதுக்கெல்லாம் இப்ப மதிப்பு ஏதும்மா? ஒரு வாத்தியார் வருவாரு. பல வருஷமா என் கையாலதான் முகம் மழிச்சுக்குவாரு. கொஞ்ச நாளா நான் குனிஞ்சா முகத்தைத் திருப்பிக்கறாரு. "நேரா உட்காருங்க சார்"னு சொன்னா, "கழுத்து பிடிச்சிருக்கு"ங்கறாரு. அவரு திரும்பித் திரும்பி உட்கார்ந்ததுல காதோரம் ஒரு கீறல் விழுந்துடுச்சு. அன்னியோட அவன் நாற்காலிக்குத் தாவிட்டாரு. அங்க மட்டும் கழுத்து நேராயிடுச்சு!

– ம். படுங்க அண்ணே. இன்னும் கொஞ்சம் இருக்கு.

– இருங்கம்மா, கேளுங்க. இன்னொருத்தன், துணிக்கடையில வேலை பார்க்கறவன். ஒரு கன்னம் மழிச்சாச்சு. அடுத்த கன்னத்துக்கு நுரை போடறேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ஒரு வாய் கொப்பளிச்சுட்டு வாங்க"ன்னான். என்ன திமிரு! நான் குடிச்சுட்டு வந்து தொழில் பண்றேன்னு சொல்றான். என் வாழ்க்கையில அந்தக் கருமத்தைத் தொட்டதில்ல. துணியை உருவிப் பாதிக் கன்னத்தோட தெருவுல இறக்கிவிட்டேன். அந்த மூஞ்சியோட போய் யாருக்கு வேணும்னாலும் சட்டை வித்துக்கடான்னேன். அன்னியிலிருந்து ஒருத்தனும் என் முன்னாடி வாயைத் திறக்கறதில்ல.

– யாரும் திறக்கறதில்லையா?

– திறப்பானா? அந்தப் பயம் இருக்கணும். வெளிய உட்கார்ந்திருக்கானே, அவனுக்கு மட்டும்தான் இல்ல. வாசல்லயே நின்னு, "சார் வாங்க, என் நாற்காலி காலியாகப் போகுது"ன்னு ஆளை மடக்கறான். என் கண்ணு முன்னாடியே. என் கடையில, என் கண்ணாடிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, என் ஆளுங்களையே திருடறான். போகட்டும். இன்னையோட அவன் கதை முடிஞ்சுது.

– என்ன அண்ணே முடிஞ்சுது?

– கடைக்கு இன்னிக்கு வார லீவு. நாளைக்குக் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி வண்டி வருது. ரெண்டாவது நாற்காலியை வித்தாச்சு. ஒரு கடைக்கு ஒரு நாற்காலி போதும். முன்னாடி நான் ஒருத்தனாத்தானே நின்னேன்? நாற்காலி இல்லைன்னா அவன் எங்க நிப்பான்? தலை தெறிக்க ஓடட்டும்.

– அவருக்குத் தெரியுமா?

– எதுக்குத் தெரியணும்? காலையில வந்து வெறும் தரையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். அவன் அக்காகிட்டயும் சொல்லல. சொன்னா அழுவா. அவ அழுதா எனக்குச் சோறு இறங்காது.

– அவருக்கு வேற பிழைப்பு இருக்கா?

– அது என் கவலையா? பல்லைப் பாருங்கம்மா. படுத்துட்டேன். ஆ.

– ம். கொஞ்சம் இப்படித் திரும்புங்க. இந்தப் பல்லுதான் நீங்க பிடுங்கச் சொன்னது. ஆடுது, ஆனா பொறுங்க. வேர்ல இவ்வளவு கல்லை வெச்சுக்கிட்டு எந்தப் பல்லும் ஆடத்தான் செய்யும். சுத்தமாயிட்டா ஓரளவு இறுகலாம். கரைஞ்ச எலும்பு திரும்ப வராது அண்ணே, அதை நான் பொய் சொல்ல மாட்டேன். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஆண்டவன் மிச்சம்னு ஒண்ணை வெச்சிருக்கிறவரைக்கும் நாம கையை விடக் கூடாது. முடிஞ்சுது. கொப்பளிங்க. இந்தப் பஞ்சுல என்ன இருக்கு பாருங்க.

– என்ன இது, கரித்துண்டு மாதிரி?

– உங்க ஈறுக்கு அடியிலிருந்து வந்தது.

– அடச்சீ. தூக்கிப் போடுங்க. காட்டறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா?

– போட்டுடறேன். அண்ணே, எழுந்திரிக்காதீங்க. ஒரு விஷயம் கேட்கணும். நீங்க மீசை ஒதுக்கும்போது உங்க முகத்துக்கும் உட்கார்ந்திருக்கிறவர் முகத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?

– தூரம் என்ன தூரம்? என் மூச்சு அவன் மீசையை அசைக்கும். அவ்வளவு கிட்ட.

– அவரால எழுந்து போக முடியாது, இல்லையா? கழுத்துல துணி, கன்னத்துல கத்தி.

– அதான் எங்க தொழிலு. அதுக்கு என்ன இப்ப?

– அண்ணே, உங்க வாய் நாறுது.

– என்ன சொன்னே?

– ரொம்ப நாறுது. ஈறுல சீழ் பிடிச்சிருக்கு, அதனால. உடம்புல எந்த இடத்துல சீழ் பிடிச்சாலும் அப்படித்தான். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

– ஏய், யாரைப் பார்த்து? மூஞ்சியில ரெண்டு துணியைக் கட்டிக்கிட்டு, இந்த நாலு சுவத்துக்குள்ள மல்லாக்கப் படுக்க வெச்சு, வாயில ஊசியையும் போட்டுட்டு... நானா? தினம் ரெண்டு தடவை படிகாரம் போடறவன்மா நான்! ஏலக்காய் இல்லாம வாசப்படி இறங்க மாட்டேன்! கழட்டு இந்தத் துணியை. எவன் சொல்லிக்குடுத்தான் உனக்கு? வெளிய உட்கார்ந்திருக்கிறவனா?

– யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல அண்ணே. நான்தானே இவ்வளவு நேரமா உங்க வாய்க்குள்ள இருந்தேன். திட்டணும்னா திட்டுங்க, நான் நின்னு கேட்டுக்கறேன். ஆனா இன்னிக்கு இதைச் சொல்லாம உங்களை அனுப்பினா எனக்குப் பாவம்.

– பாவமாம், பாவம். அப்படி இருந்தா எனக்குத் தெரியாதா? என் மூக்கு என்ன அடகுக் கடையிலயா இருக்கு?

– தன் வாய் நாத்தம் தனக்குத் தெரியாது அண்ணே. மூக்கு பழகிப்போயிடும். எனக்கு இருந்தா எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் பக்கத்துல மனுஷங்க இருக்காங்க. அவங்க சொன்னாத்தான் உண்டு.

– சொல்லலையே! என் பொண்டாட்டி சொல்லல. கஸ்டமர் ஒருத்தன் சொல்லல...

– ஒருத்தர் சொன்னாரே அண்ணே.

– யாரு?

– ஒரு வாய் கொப்பளிச்சுட்டு வாங்கன்னு.

– துணிக்கடைப் பயலா? அப்ப அவன் குடியைச் சொல்லலையா?

– தண்ணி குடுக்கட்டுமா? இடது பக்கமா வெச்சுக் குடிங்க, வலது பக்கம் வழிஞ்சுடும்.

– அப்ப அந்த வாத்தியாரு கழுத்து...

– நான் அவரைப் பார்த்ததில்ல அண்ணே. எனக்குத் தெரியாது.

– அவனைக் கூப்பிடுங்க.

– கோபமா எதுவும் கேட்டுடாதீங்க. வலி மருந்து வேலை செய்யற நேரம், கொஞ்சம் அமைதியா...

– கூப்பிடும்மா!

– தம்பி, உள்ள வாங்க.

– முடிஞ்சுதா மாமா? வலிக்குதா? உதட்டோரம் தண்ணி வழியுது, இந்தாங்க கைக்குட்டை.

– கைக்குட்டையைத் தூக்கிக் குப்பையில போடு. கிட்ட வா. இன்னும் கிட்ட. குனி. என் வாய் நாறுதாடா?

– மருந்து வாசனைதான் மாமா வருது.

– இன்னிக்கு வாசனையைக் கேட்கல. நேத்து. போன மாசம். போன வருஷம்.

– டாக்டர், சொல்ல வேணாம்னு உங்ககிட்ட அவ்வளவு கேட்டுக்கிட்டேனே.

– மன்னிச்சுக்குங்க தம்பி. சொல்லாம இருக்கிறதுலதான் அன்பு இருக்குன்னு நினைச்சு வந்தீங்க. எனக்கும் அது பெரிசாத்தான் தெரிஞ்சுது. ஆனா இன்னிக்கு முடியல.

– ஓகோ. எக்ஸ்ரே எடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? பல்லு ஆடுது, பல்லு ஆடுதுன்னு என்னைத் தள்ளிக்கிட்டு வந்தது இதுக்குத்தானா? சொல்லுடா. வாத்தியாரு உன்கிட்ட என்ன சொன்னாரு?

– அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா.

– சொல்லுடான்னா!

– எதிர்த்தெருக் கடைக்குப் போயிடறேன்னாரு. நான்தான், சார் போகாதீங்க, நான் பண்ணிவிடறேன், என் நாற்காலிக்கு வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன். மத்தவங்களையும் அப்படித்தான் மாமா. வாசல்ல வந்து, உங்க நாற்காலி காலியா இருக்கிறதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போவாங்க. ஓடிப்போய்ப் பிடிச்சுட்டு வருவேன்.

– அதான் வாசல்லயே நின்னியா?

– கடையை விட்டுப் போகாம இருந்தாப் போதும்னு நினைச்சேன். எந்த நாற்காலியில உட்கார்ந்தா என்ன மாமா, ஒரே கடைதானே.

– நீ என் ஆளுங்களைத் திருடறேன்னு ஊரெல்லாம் சொன்னேன்டா.

– தெரியும் மாமா.

– உன் அக்காகிட்ட, நன்றி கெட்ட நாயின்னு சொன்னேன்.

– சமையல்கட்டுலதான் நின்னுக்கிட்டிருந்தேன் மாமா.

– கேட்டுக்கிட்டா சும்மா இருந்த? வாயில என்ன இருந்துச்சு உனக்கு? "நான் திருடல, உன் வாய்தான் நாறுது"ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?

– திருடன்னு நினைச்சா உங்களுக்கு என் மேல கோபம்தான் வரும். இதைச் சொன்னா நீங்க அப்புறம் ஒருத்தர் முகத்துகிட்டயும் குனிய மாட்டீங்க. உங்களுக்கு அந்தக் கைதானே மாமா எல்லாம்.

– பெரிய தியாகி. சினிமாவுல சேர்ந்துடு. டாக்டரம்மா, நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்க? என்னைப் பாருங்க. இது ஆறுமா, ஆறாதா?

– ஆறும் அண்ணே. அடுத்த வாரம் இடது பக்கம். அப்புறம் ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் அளந்து பார்ப்பேன். நாத்தம் ரெண்டு பக்கமும் முடிஞ்சதுமே குறைஞ்சுடும். அதுக்கப்புறம் உங்க கையிலதான் இருக்கு. மெத்துன்னு ஒரு பிரஷ், பல்லிடுக்குக்கு ஒரு குட்டி பிரஷ். சில மாசத்துக்கு ஒரு தடவை இங்க வந்து திட்டிட்டுப் போங்க.

– படிகாரம்?

– கன்னத்துக்கு மட்டும்.

– ம். பார்ப்போம். எழுப்பி விடுங்க இந்தக் கருமம் பிடிச்ச நாற்காலியை. டேய், என் போனை எடு. ஒரு ஆளுகிட்டப் பேசணும். நாளைக்குக் காலையில வர வேண்டாம்னு சொல்லணும். என்ன ஏதுன்னு கேட்காத. அது உனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

– நாற்காலி விஷயமா மாமா?

– யாரு சொன்னது? டாக்டரம்மா!

– நான் வாயைத் திறக்கல அண்ணே. சத்தியமா.

– டாக்டர் சொல்லல மாமா. வாங்கறவரு போன வாரம் கடைக்கு வந்தாரு, நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப. வண்டியில ஏத்த முடியுமான்னு அளந்து பார்த்தாரு. நாற்காலியை உயர்த்தித் தாழ்த்தற கைப்பிடி இறுகிக் கிடந்துச்சு. பாவம், வாங்கிட்டுப் போய் அவரு எதுக்குச் சிரமப்படணும்னு கழட்டி எண்ணெய் விட்டுக் குடுத்தேன்.

– போன வாரமேவா? உன்னை நான் துரத்தப்போறேன்னு போன வாரமே உனக்குத் தெரியுமா?

– ம்.

– இங்க வரணும்னு நீ பிடிவாதம் பிடிக்க ஆரம்பிச்சதே போன வாரம்தானேடா? தினம் என்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு, எக்ஸ்ரேக்கு ஒரு தடவை, இன்னிக்கு ஒரு தடவைன்னு இழுத்துக்கிட்டு வந்தியே. வெளிய போகப்போறவனுக்கு என் வாய் எப்படி இருந்தா என்னடா?

– நாளையிலிருந்து எல்லாரும் உங்க நாற்காலியிலதானே மாமா உட்காரணும்.